அஞ்சலையின் வீட்டுக்கு எதிராக ஆறு பத்திகள்

3 நவம்பர் 1981, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தேயிலைக் கொழுந்து நனைந்தே வந்தது. தட்டச்சு நாடா மாற்ற வேண்டும். தீபாவளி முறுக்கு இன்னும் ஒரு டின்.

பத்து மணிக்கு அஞ்சலை, அலுவலகத்தின் பின்சன்னலில். தொழிலாளர் உள்ளே வருவதில்லை, அங்கேதான் நிற்பார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து எடுத்தவள். கணவர் இல்லை. சென்ற மாதம் ஐம்பத்தைந்து முடிந்தது. ஐம்பத்தைந்து முடிந்தால் வேலை இல்லை; வேலை இல்லாதவருக்கு லயத்து வரிசையில் வீடு இல்லை. முப்பதாம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லித் தோட்டத்தின் கடிதம்; இவர்கள் வாயில் மலாய்ச் சொல்லாக, ‘சூராட்டு’. அதைத் தட்டச்சு செய்தவன் நான்.

“துரை சூராட்டு குடுத்துட்டாரு, கெராணி ஐயா. நீங்களும் ஒரு சூராட்டு எழுதித் தாங்க, திருப்பிக் குடுக்கறேன்.”

“மகள்கிட்ட போகலாமேம்மா?”

“பினாங்கு ஃபேக்டரியில இருக்கா. ஒரே ரூம்ல ஏழு பொண்ணுங்க. நான் என்ன, கட்டிலுக்கு அடியிலயா படுக்கறது?”

எழுதித் தருவதாகச் சொன்னேன், என் பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. எனக்கு ஐம்பத்து நான்கு.

4 நவம்பர், புதன்

மூடுபனி. எதிர்ச் சரிவு தெரியவில்லை.

மனு முடிந்தது. ஆங்கிலத்தில், ஒரே பக்கம். சென்னையில் பி.ஏ. படித்தபோது விவாத மன்றத்தில் கற்ற முறை. அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். இருபத்தாறு ஆண்டுகளாகத் தோட்ட எழுத்தர், கிராணி. முறை மட்டும் துருப்பிடிக்கவில்லை. எனக்காகக் குறித்துவைப்பது:

படிப்பவர் யார் என்பது முதற்கேள்வி. தோட்ட மேலாளர், துரை; வயது முப்பத்திரண்டு. கண்ணீர் அவரிடம் செல்லாது, வசதி செல்லும்.

கேட்பது ஒன்றே ஒன்று. வீடு அல்ல. ஓராண்டு அவகாசம்.

காரணம் மூன்று. அந்த லயத்தில் ஏற்கெனவே நான்கு வீடுகள் காலி. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவள் பார்ப்பாள். இந்த ஈரத்தில் பூட்டிய வீடு இற்றுவிடும், அடுப்பெரியும் வீடு நிற்கும். (வலுவானது கடைசியில்.)

எதிராளி சொல்லப்போவதை முந்திக்கொண்டு நாமே ஒப்புக்கொள்வது. நியாயமான ஆள் என்ற நம்பிக்கை பிறக்கும். ஆகவே மனுவின் முதல் வாக்கியம்: ‘வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதை நான் மறுக்கவில்லை.’

அஞ்சலைக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முகம் சுளித்தாள்.

“மொத வரியே எதுக்கு இப்படி?”

“சின்னத விட்டுக்குடுத்தாத்தான் பெருச வாங்க முடியும்.”

“வீடா ஐயா சின்னது?”

என்னிடம் பதில் இருந்தது. நீண்ட பதில். அதற்குள் ரேகை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

6 நவம்பர், வெள்ளி

துரை அழைத்தார். மேசையில் மனு. ஈப்போவில் வளர்ந்த தமிழர். சிரிக்கும்போது பற்கள் மட்டும் சிரிக்கும்.

“பிரமாதமா இருக்கு. யாரு எழுதுனதுன்னு கேக்கமாட்டேன், மிஸ்டர் நடராஜன். இந்த மலையில இப்படி எழுத எத்தனை பேரு இருக்காங்க?”

மனுவை என் பக்கம் தள்ளினார்.

“இதுக்குப் பதில் போடணும். ஹெட் ஆபீஸுக்கும் காப்பி போவும், அதனால ஸ்ட்ராங்கா இருக்கணும். நீங்களே எழுதிருங்க லா. திங்கக்கிழமை போதும்.”

தண்டனையாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். வேறு ஆள் இல்லை என்பதால் சொன்னார். குடையை எடுத்துத் தரச் சொல்வது போல.

சரி என்றேன். என் குரல் சீராகவே இருந்தது. இருபத்தாறு ஆண்டுப் பயிற்சி.

7 நவம்பர், சனி

பிரிஞ்சாங் கடைத்தெரு. வாங்கியவை: நாடா, மண்ணெண்ணெய், மனைவி சரசுவின் முழங்காலுக்குத் தைலம். வற்றல் மிளகாய் இல்லை. கோலா தெர்லாவிலிருந்து வந்த முட்டைக்கோசு லாரி சந்தியில் குறுக்கே நின்றுவிட்டது. அரை மணி நேரம் எவரும் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. மாமாக் டீக்கடையில் ஒதுங்கினேன். அங்கே எங்கள் கங்காணி மாணிக்கம், நாலைந்து பேரோடு. ஒரே நாளில் லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

“வாங்க ஐயா. ரெண்டு டீமுக்கும் நீங்களே ஆடுறீங்களாமே. கோலு எந்தப் பக்கம்?”

“ரெஃப்ரீயும் அவருதான் லா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

8 நவம்பர், ஞாயிறு

பகல் முழுவதும் மேசையில்.

முதலில் வேண்டுமென்றே மோசமாக எழுதப் பார்த்தேன். ஓட்டையுள்ள வாதம், தலைமையகத்தில் எவராவது கண்டுபிடிக்கட்டும் என்று. மூன்று முறை முயன்றேன். கை சகிக்கவில்லை. ஓட்டையைக் கண்ட இடத்தில் எல்லாம் அடைத்தது. பிறகு ஒழுங்காகவே எழுதினேன்.

ஆறு பத்திகள். ஒருவருக்குக் காலி வீட்டை விட்டால் எல்லோரும் கேட்பர். பிள்ளைகளைப் பார்ப்பது வேலை என்றால் வயது விதி தடுக்கும். வேலை இல்லை என்றால் வீட்டு விதி தடுக்கும். அடுப்பைப் புதிய தொழிலாளியும் ஏற்றலாம். ஓராண்டு கேட்பவர் ஓராண்டு கழித்து இதே சன்னலில் நிற்பார். இவை அனைத்துக்கும் அடித்தளம், மனுவின் முதல் வாக்கியம். தூக்கிக் கொடுத்தவன் நான், பிடித்துக்கொண்டவனும் நான்.

நான் எழுதியவற்றில் இதுவே சிறந்தது. எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தேன். இதையும் பதிந்துவைக்க வேண்டும்.

சரசுவுக்கு ஆங்கிலம் வராது. தமிழில் சொல்லச் சொன்னாள். கீரை ஆய்வதை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருசம் நமக்கும் இதையே நீட்டுவாங்க. பேர மட்டும் மாத்துனா போதும்.”

“ஸ்டாஃபுக்கு வேற விதி.”

“என்ன விதி?”

“ரிட்டயர் ஆன மறு மாசம் குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்.”

“இதத்தான் வேற விதிங்கிறீங்களா?”

9 நவம்பர், திங்கள்

கொடுத்தேன். துரை நின்றபடியே படித்தார். பேனாவை எடுத்து ஒவ்வொரு பத்தியாக அடித்தார். அடியில் அவரே எழுதிய இரண்டு வரி: ‘வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது என்று நீரே எழுதியுள்ளீர். முப்பதாம் தேதிக்குள் காலி செய்யவும்.’

“மத்ததெல்லாம் எதுக்கு? காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க.”

இரண்டு வரியை மட்டும் தட்டச்சு செய்யச் சொன்னார். மூலத்தாள்கள் குப்பைக்கூடைக்குப் போயின. ஆறு பத்திகள். எவருக்கும் தேவைப்படவில்லை. அவற்றை எழுத நான் சம்மதித்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மாலை, சன்னலில், அஞ்சலைக்கு வாசித்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம்.

“அந்த மொத வரிதான?”

“ஆமா.”

“லேபர் ஆபீஸுக்கு ஒண்ணு எழுதுங்க. இந்த வாட்டி நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. சொந்தமா ஒண்ணும் போடக்கூடாது.”

10 நவம்பர், செவ்வாய்

சாப்பாட்டு வேளை. தூறல். அவள் சொன்னது முழுவதும்:

“நான் அஞ்சலை. எட்டாம் நம்பர் வீட்ல இருக்கேன். அங்கதான் கட்டிக்கிட்டு வந்தேன், அங்கதான் எம் புருசன் செத்தாரு. போவச் சொல்றாங்க. நான் போவல. வந்து பாருங்க.”

மலாய் மொழியில் எழுதினேன். முன்னுரை இல்லை, காரணம் இல்லை, ஒப்புக்கொள்ளல் இல்லை. முடிவில் ‘தங்கள் கருணையை வேண்டி’ என்று கை தானாகச் சேர்த்தது.

“என்னமோ கூட எழுதுனீங்களே?”

“ஒரு மரியாதைக்கு.”

“அடிங்க அத.”

அடித்தேன்.

ரேகைக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி பெயரும் முகவரியும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இல்லையெனில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லயத்தில் எட்டுப் பேரைக் கேட்டாளாம். கங்காணிக்குத் திடீரென்று கைவலியாம்.

சன்னல் கட்டையில் தாளை வைத்து என் முழுப்பெயரை எழுதினேன். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், எண் 2. அவள் நன்றி சொல்லவில்லை. மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளை இரவிக்கைக்குள் வைத்து, இரண்டு மணி பஸ்ஸில் தானா ராத்தா ஊருக்குப் போனாள்.

12 நவம்பர், வியாழன்

ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் பேனா நிற்கிறது. ஆலைக் கொதிகலன் பழுது. பல்வலி.

17 நவம்பர், செவ்வாய்

வெயில், அபூர்வமாக.

தொழிலாளர் அலுவலகக் கடிதம் நேற்று மாலை வந்தது. அஞ்சலையின் கடிதத்தின் நகலும் உடன், என் கையொப்பத்தோடு. அடுத்த வாரம் அதிகாரி நேரில் வருவார். அதற்குள் தோட்டம் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அதுவரை எட்டாம் எண் வீட்டில் கைவைக்கக் கூடாது. அதை நானே பதிவேட்டில் ஏற்றினேன்.

இன்று காலை பெரட்டில், ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில், கூடை மாட்டிய எல்லோர் முன்னிலும் துரை:

“மிஸ்டர் நடராஜன், லேபர் ஆபீஸுக்கு ரெண்டு வரி பத்தாது. அன்னைக்கி எழுதுனீங்களே ஆறு பாரா, அத மறுபடி எழுதுங்க. பன்னண்டு மணிக்கு என் மேசையில இருக்கணும்.”

“எழுத முடியாது.”

“என்ன காரணம்?”

காரணங்கள் வரிசையாக வந்து நின்றன, வலுவானது கடைசியில். ஒன்றையும் சொல்லவில்லை. கூடைகள் அசையவில்லை. மாணிக்கம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அலுவலகச் சாவியைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய மாத முடிவுவரை அவகாசம் என்றார்.

சரசுவிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்தாள்.

“கியா பார்ம்ல தக்காளிப் பெட்டி சும்மா கெடைக்கும். சாமான் கட்ட எத்தன வேணும்?”

புத்தகங்களுக்கு மட்டும் நான்கு.