பேர் சொல்லி விதைத்த சாமை

சேலம் கோட்டை
12-5-1996

அன்புள்ள அத்தாயிக்கு, ஹலீமா எழுதுவது.

ஏற்காட்டுக் கடையைக் கைமாற்றிவிட்டு மலை இறங்கிய பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம். நலம் என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு அதை அடித்துவிட்டேன்.

எனக்குச் சர்க்கரை வியாதியாம்.

எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். கண்ணில் ஒரு மங்கல். உடம்பு பாதியாகிவிட்டது. குளிரில் இருந்து பழகியவளுக்குச் சேலத்து வெயில் இப்படித்தான் செய்யும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா அந்தக் காரணத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

மாத்திரை கொடுத்திருக்கிறார். பாதி வைத்தியம் உங்கள் தட்டில்தான் இருக்கிறது என்கிறார். அரிசிச் சோற்றைக் குறைக்க வேண்டும். டீயில் சர்க்கரை கூடாது. கீரை, காய், கொள்ளு. சோற்றுக்குப் பதிலாகக் கொஞ்சம் சாமை.

இவருக்கு, உன் இப்ராஹிம் அண்ணனுக்கு, கடை இல்லாததால் நாள் முழுக்க வீடுதான். முன்பு தராசைப் பார்த்தவர் இப்போது என் தட்டைப் பார்க்கிறார். "அந்த ரெண்டாவது கரண்டி எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறார்.

மண்டியில் சாமை வாங்கினேன். கல், பழைய வாடை. கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் அடுப்படியில் உட்கார்ந்து நீ சொல்வாயே, சின்ன வயதில் சாமைச் சோறு தவிர வேறு சோறே பார்த்ததில்லை என்று. உங்கள் மாரமங்கலத்தில் இன்னும் யாராவது விதைக்கிறார்களா? எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா?

உன் வீட்டுக்காரர் சின்னனையும், மகன் மாரிசாமியையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
ஹலீமா


மாரமங்கலம்
2-6-1996

ஹலீமா அக்காளுக்கு அத்தாயி எழுதிக்கொண்டது.

கடுதாசி வந்ததுங்க. படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் சாமை கேட்டிருந்தீங்களே, அந்த இடத்துல சிரிச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க.

சாமையை விட்டுத் தொலைக்க நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதுங்களா? அண்ணன் கடையிலதானே முதமுதல்ல அரிசி வாங்கினோம். அரிசி பொங்கற ஊட்டுக்குத்தான் பொண்ணு குடுப்போம்னாங்க. இப்ப எல்லா ஊட்டுலயும் ரேஷன் அரிசிதானுங்க. சாமை விளைஞ்ச இடமெல்லாம் காப்பியும் மொளகும். மாரிசாமிக்குக் குப்பனூர்ல பொண்ணு பேசியிருக்கோம். சம்பந்திக்காரங்க வந்து எங்க சட்டியில சாமையைப் பார்த்தா, இந்தக் குடும்பம் இறங்கிப்போச்சுன்னு வந்த வழியே போயிருவாங்க.

ஆனாலும் உங்களுக்கு இல்லைன்னு சொல்லுவனா. பக்கத்து ஊட்டு மாதம்மாள் கையில கொஞ்சம் விதை இருக்குது. பாறை ஓரம் காப்பி வராத துண்டு ஒன்னு சும்மா கிடக்குது. ஆடி மாசம் உங்க பேரைச் சொல்லி விதைச்சுப் போடறேன். ஒருத்தர் பேரைச் சொல்லி விதைச்சா அதுல ஒரு மணிகூட விதைச்சவங்க வாயில வைக்கக் கூடாதுங்க. எங்க மாமியார் காலத்துல இருந்து எங்க ஊட்டு முறை அது. விளையறது முச்சூடும் உங்களுக்குத்தான். அது வரைக்கும் மண்டிச் சாமையைக் கல்லுப் பொறுக்கித் தின்னுங்க.

அண்ணன் எதுக்க உக்காந்து பிரியாணி தின்னா, நீங்க எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிருங்க. ஆம்பளைங்களுக்கு அதெல்லாம் தானா தோணாதுங்க.

இப்படிக்கு,
அத்தாயி


சேலம் கோட்டை
8-12-1996

அன்புள்ள அத்தாயி,

மூட்டை வந்தது. பஸ் கண்டக்டர் லாசர் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் நடந்தே வந்தார். "மலையில இருந்து உங்களுக்குச் சீர் வந்திருக்குதுங்க" என்றார். தெருவே எட்டிப் பார்த்தது. ஒரு கல் இல்லை, உமி இல்லை. எல்லாம் நீ உரலில் குத்திப் புடைத்தது. உன் கை எப்படி வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே உலை வைத்தேன்.

நான் செய்த கூத்தைக் கேள். மருந்துதானே என்று வேளைக்கு ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டேன். பெருமையோடு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சாமையும் தானியந்தாம்மா. மலை மாதிரி குவிச்சுச் சாப்பிட்டா அதுவும் சர்க்கரையாத்தான் போகும்." இப்போது ஒரு கிண்ணம் மட்டும். மீதி வயிற்றுக்குக் கீரையும் காயும். அதற்கும் மேலே பசித்தால் அதற்கு ஒன்றும் இல்லை. பசியோடு சும்மா உட்கார்ந்திருப்பதை இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை அளவு இறங்குகிறது. கண் தெளிந்திருக்கிறது. உன்னால்.

போன வாரம் ஒரு கல்யாணம். சகன் போட்டார்கள். ஒரே தாலத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நான் என் கிண்ணத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மற்ற மூன்று பெண்களும் அவரவர் பக்கம் சாப்பிட்டு முடித்தார்கள். தாலத்தில் என் பக்கத்துச் சோறு மட்டும் கடைசி வரை அப்படியே இருந்தது.

ஹலீமா


மாரமங்கலம்
20-1-1997

அக்காளுக்கு,

மாரிசாமி கல்யாணம் நல்லபடி முடிஞ்சதுங்க. நீங்களும் அண்ணனும் வராதது ஒரு குறைதான். வந்த சனத்துக்கெல்லாம் வேணுங்கற மட்டும் அரிசிச் சோறு. சம்பந்தியம்மா வாயில இருந்து ஒரு குறை வரலை.

மருமக கெட்டிக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம். "அத்தை, நீங்க பேசாம தண்ணிப் பானையை இடுப்புல கட்டிக்கிட்டே காட்டுக்குப் போங்க"ங்கறா. எனக்கு இப்பல்லாம் தாகம் எடுத்தாத் தீர்றதே இல்லைங்க. காப்பிப் பழம் பறிக்கற காலம், மேடு பள்ளம் ஏறி இறங்கறேன், அதனாலன்னு நினைக்கறேன். நொம்ப இளைச்சுட்டேன். ரவிக்கையெல்லாம் தொளதொளங்குது. மருமக வந்ததும் மாமியா குமரியாயிட்டான்னு மாதம்மாள் கிண்டல் பண்றா.

கண்ணுதான் ஏமாத்துது. எது பழம், எது காய்னு பிடிபடலை. பச்சைக் காயாப் பறிச்சுக் கூடையில போட்டுட்டேன்னு மாரிசாமி அப்பா ஒரே சத்தம். வயசாச்சு, வேற என்னங்க.

உங்க கண்ணு தெளிஞ்சது கேட்டு நொம்ப சந்தோசம்.

அத்தாயி


சேலம் கோட்டை
29-1-1997

அத்தாயி,

தாகம். இளைப்பு. கண். நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்ன அதே மூன்றும்.

கீழே இறங்கி வா. என்னோடு இரு, நான் கூட்டிக்கொண்டு போகிறேன். வர முடியாவிட்டால் ஏற்காடு ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் கொடுத்துப் பார். வெறும் வயிற்றோடு போ.

தள்ளிப்போடாதே கண்ணு.

ஹலீமா


மாரமங்கலம்
15-3-1997

அக்காளுக்கு,

ஏனுங்க அக்கா, எனக்குப் போய்ச் சர்க்கரைங்களா? விடிஞ்சா காடு, பொழுது போனா ஊடு. அது ஃபேனுக்குக் கீழே உக்காந்து திங்கறவங்களுக்கு வர்றதுன்னு மாரிசாமி அப்பா சொல்றாரு. உங்களைச் சொல்லலைங்க. பொதுவாச் சொன்னாரு.

ரேஷன் கடை முனியப்பன்கூடக் கேட்டுட்டு, "உன் ஊட்டுல கார்டுக்குக் குடுக்கற சர்க்கரையைக்கூட வாங்க வர்றதில்லை, உனக்கு எப்படி அந்த வியாதி?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம்.

கவாத்து பண்ணின காப்பிக் கட்டை ஒன்னு வலது காலுல குத்திருச்சு. மஞ்சள் வெச்சுக் கட்டியிருக்கேன். ஆறத்தான் நாளாகுது. ஆனா வலியே இல்லைங்க. அது ஒரு நல்லது.

அத்தாயி


சேலம் கோட்டை
24-3-1997

அன்புள்ள அத்தாயி,

வலி இல்லை என்று நீ எழுதிய இடத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அவங்களை வரச் சொல்லுங்க. இல்லேன்னா கால் போயிரும்" என்றார். வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். நீ பயப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உழைக்கிறவர்களுக்கும் வருமாம். உன் தட்டில் மூன்று வேளையும் இருப்பது வெள்ளைச் சோறு. அதோடு புளிக்குழம்பு. வேறென்ன இருக்கிறது?

ஆடியில் எனக்காக விதைக்காதே. எனக்கு மண்டிச் சாமை போதும், கல்லோடு தின்கிறேன். அந்தத் துண்டில் உன் பேரைச் சொல்லி விதை. நீ சாப்பிடு.

நானே வந்து உன்னை இழுத்துக்கொண்டு போவேன். ஆனால் இவர் இடுப்புப் பிடித்துப் படுத்திருக்கிறார், விட்டுவிட்டு அசைய முடியவில்லை.

ஹலீமா


மாரமங்கலம்
9-11-1997

அக்காளுக்கு,

இத்தனை மாசம் எழுதலை. மன்னிச்சுக்குங்க.

கால் வீங்கிச் செருப்பு நுழையலை. மருமகதான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. நீங்க சொன்னதுதான். மாத்திரை குடுத்தாங்க, ஊசி போட்டாங்க, புண்ணைச் சுரண்டிக் கட்டினாங்க. சோத்தைக் குறை, சாமை, கேழ்வரகு இருந்தாச் சாப்பிடுன்னு டாக்டர் சொன்னாரு. மலையில இருந்துக்கிட்டு இது கிடைக்காதாம்மான்னு கேட்டாரு. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

எப்படிங்க ஊட்டுல சொல்றது? எனக்குன்னு தனிச் சட்டி வெச்சா, மருமக கையில சோறு வாங்க மாட்டேங்கறான்னு ஊரு பேசும். புதுப் பொண்ணு. அவளுக்கு அந்தப் பேரு வேண்டாம். அவ போடறதையே கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லித் திங்கறேன்.

ஆடியில பாறை ஓரம் போய் நின்னேன். என் பேரைச் சொல்ல வாய் வரலைங்க. தன் பேரைத் தானே சொல்லி யாரு விதைப்பாங்க? உங்க பேரைத்தான் சொன்னேன். போன வருசத்தைவிட நல்லா விளைஞ்சிருக்குது. இந்தத் தடவை என்னால நின்னு குத்த முடியலை, உக்காந்தே குத்தினேன். லாசர் கிட்டக் குடுத்தனுப்பறேன்.

அத்தாயி


சேலம் கோட்டை
16-11-1997

அத்தாயி,

மூட்டையை நான் பிரிக்கவில்லை. லாசரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இவர் வேண்டாம் என்றார். "குடுத்ததைத் திருப்பினா அந்தப் பொம்பளை மனசு என்ன ஆகும்?" நான் கேட்கவில்லை. எனக்கு உன் கால்தான் பெரிது.

என் பேரில் விதைத்தது என்னுடையது என்றால், என்னுடையதை நான் உனக்குத் தருகிறேன். இனி அது நான் கொடுத்த சாமை. சாப்பிடலாம் அல்லவா? ஒரு கிண்ணம், அதற்கு மேல் வேண்டாம். சுற்றிலும் கீரை. மாத்திரையை விடாதே.

மருமகளிடம் நான் சொன்னேன் என்று சொல். பழி என் மேல் இருக்கட்டும்.

ஹலீமா


சேலம் கோட்டை
9-1-1998

அன்புள்ள அத்தாயி,

பதில் இல்லை. மூட்டையைச் சின்னன் கையில் கொடுத்ததாக லாசர் சொன்னார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒன்னும் சொல்லலைங்க" என்றுவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

நோன்பு தொடங்கிவிட்டது. இந்த வருஷம் நீங்கள் பிடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் பசித்திருக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு என் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். திருடுவது மாதிரி இருக்கிறது. அளவு நன்றாக இறங்கியிருக்கிறதாம். மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். இதை உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது?

திட்டியாவது ஒரு வரி எழுது. கால் எப்படி இருக்கிறது?

ஹலீமா


மாரமங்கலம்
1-3-1998

அக்காளுக்கு,

உங்க ரெண்டு கடுதாசியும் வந்ததுங்க.

தை மாசம் பூராவும் சேலம் பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். உங்க ஊட்டுக்கு நடந்து வர்ற தூரம்னு பக்கத்துக் கட்டில்காரி சொன்னா. சொல்லியனுப்பட்டுங்களா அத்தைன்னு மருமக கேட்டா. நான்தான் வேண்டாம்னுட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க. வலது கால்.

மூட்டை வந்த அன்னைக்கு நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன். நீங்க என்ன நினைச்சு அனுப்பினீங்கன்னு கடுதாசியில தெளிவா இருந்தது. எனக்குப் புரியாம இல்லைங்க. ஆனா பேரைச் சொல்லி விதைச்சது திரும்பி வந்தா, அந்தப் பேருக்காரங்க உறவை அறுத்துட்டாங்கன்னுதான் எங்க பக்கம் அர்த்தம். அந்தத் தானியம் வாசப்படி தாண்டக் கூடாது. மாரிசாமி அப்பா வேலி ஓரம் வெச்சாரு. யாரும் தொடலை. ஐப்பசி விட்டும் மழை விடலை பாருங்க, மூட்டையோட பூஞ்சை பிடிச்சுப்போச்சு. நான் வாசல்ல உக்காந்து தினமும் அதைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

மண்டியில ஒரு படி வாங்கி அனுப்பியிருந்தீங்கன்னா தின்னிருப்பேங்க. கல்லோட தின்னிருப்பேன்.

உங்க மேல தப்புன்னு எழுதலை. உங்களுக்கு எங்க முறை பாதிதான் தெரியும். பாதியை மட்டும் சொன்னவ நானு.

மருமக இப்ப தினமும் கேழ்வரகுக் களி கிண்டறா. அவளும் அதையேதான் திங்கறா. ஒரே சட்டி. சம்பந்தியம்மா பார்க்க வந்தப்ப மூடி வெக்கச் சொன்னேன். மூடலை. அந்தம்மா எட்டிப் பார்த்துட்டு, "எனக்கும் ஒரு உருண்டை குடு"ன்னு வாங்கித் தின்னாங்க. நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

உங்களுக்கு மாத்திரை பாதியானது சந்தோசங்க. நெசமாத்தான் சொல்றேன். விட்டுராதீங்க, அளவாத் தின்னுங்க.

பார்க்க வராதீங்க. எந்திரிச்சு நின்னு வாங்கன்னு சொல்ல முடியாது, உக்காந்த வாக்குல உங்களைக் கூப்பிட எனக்கு மனசு வராது.

இனிமே பாறை ஓரம் நான் ஏற முடியாதுங்க. ஆடிக்கு முன்னாடி சாமைக்கு வேற யாருகிட்டயாவது சொல்லி வெச்சுக்குங்க.

அத்தாயி