பக்கத்துக் கட்டில்காரர்

வீடு முழுக்க முந்திரிப்பழ வாசனை. சன்னல் எல்லாம் திறந்து வைத்தும் போகவில்லை. செல்வராசுவும் அவர் மனைவி கொளஞ்சியும் சற்று முன்தான் ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள். உடையார்பாளையத்திலிருந்து ஒரு வாளி நிறையப் பழம், மேலே ஈரத்துணி போட்டு, மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். தொண்டையைக் கரகரக்க வைக்கும் இந்த வாசனை உங்களுக்கு ஆகாது. அது செல்வராசுவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

உங்களோடு இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தவள் நான். அவர் உங்களோடு இருந்தது ஒரு வாரமோ பத்து நாளோ. ஆனாலும் வருஷா வருஷம் பழம் பழுக்கிற காலத்தில் அவர் வந்து உங்களைப் பற்றிச் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது எந்த ஊர் நியாயம்?

அந்தக் கொரோனா இரண்டாம் அலையில் நம் இருவருக்கும் சேர்ந்தேதான் காய்ச்சல் வந்தது. எனக்குக் காய்ச்சலோடு நின்றது. உங்களுக்கு மூச்சு வாங்கியது. பெரம்பலூரில் இடம் கிடைக்காமல் அரியலூருக்குக் கொண்டுபோனார்கள். சிமெண்ட் ஆலையில் லாரி நிறுக்கும் எடைமேடைக்கு நீங்கள் தினமும் பஸ்ஸில் போய்வந்த அதே அரியலூர். அந்த மாதம் அது கடல் தாண்டிய தேசமாகிவிட்டது. நம் வாசலில் நோட்டீஸ் ஒட்டி, கம்பு கட்டிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் பாலை வாசலில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்று கூப்பிடுவார்கள்.

போன்தான் வழி. அதிலும் பேசுகிறவள் நான்தான்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"சாப்டீங்களா?"

"ம். நீ?"

அதற்கு மேல் வராது. வீட்டிலும் நீங்கள் அப்படித்தான் என்பதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மூச்சைச் சேமிக்கிறீர்கள் என்று நினைத்து, நானே சீக்கிரம் வைத்துவிடுவேன்.

சேமித்த மூச்சை யாரிடம் செலவழித்தீர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

உங்கள் உடலைப் பையில் சுற்றிக் கட்டிக் கொண்டுபோனதை நானும் மகளும் தூரத்தில் நின்று பார்த்தோம். அது நீங்கள்தானா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாத தூரம். அதற்கு அடுத்த கோடையில் ஒருவர் வாளியோடு வாசலில் வந்து நின்றார். ஒல்லியான ஆள், படி ஏறியதற்கே மூச்சு இளைத்தது.

"நான் ஆஸ்பத்திரியில உங்க வூட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டிலும்மா" என்றார்.

உட்காரச் சொன்னேன். ஆறுதல் சொல்ல வந்தவர் என்று நினைத்தேன். அவரோ உங்களைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் ரொம்ப முடியாமல் கிடந்தது அவர்தானாம். செத்துப்போய்விடுவோம் என்று அழுதுகொண்டே இருந்தாராம். நீங்கள் கட்டிலை ஒட்டித் திரும்பி உட்கார்ந்து, முகமூடியை நகர்த்தி நகர்த்திப் பேசினீர்களாம். நர்சம்மா திட்டத் திட்டப் பேசினீர்களாம்.

"அவரு வாய் மூடலம்மா. பேசிப் பேசித்தான் என்னை இங்க புடிச்சு வச்சாரு" என்றார்.

என் காதில் விழுந்ததை நான் நம்பவில்லை. வேறு யாரையோ சொல்கிறார், கட்டில் மாறிப்போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, பஜ்ஜித் தட்டுகிட்ட வந்த கோழிய நீங்க காலால ஒரு தள்ளு தள்ளுனீங்களாமே? யாரும் பாக்கலன்னு நெனச்சீங்களாமே? அங்கதான் மனசு போச்சுன்னாரு."

அந்தக் கோழி எனக்கே மறந்துபோயிருந்தது. கல்யாணமான புதிதிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன், "அன்னைக்கு என்னைப் பாத்தீங்களா?" என்று. "பாக்காமலா கட்டிக்கிட்டேன்" என்பதோடு முடித்துவிடுவீர்கள். எனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு பதிலை, முன்பின் தெரியாத ஒரு முந்திரி வியாபாரியிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் அதை வாளியில் வைத்து எடுத்துவந்து எனக்குத் தானம் செய்கிறார்.

அழுகை வரும் என்று மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது அழுகை இல்லை. வயிறு எரிந்தது.

கடைசியில், அவருக்கு உடம்பு தேறி உங்களுக்கு முடியாமல் போனபோது, அவர்தான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். காபி டம்ளரை அந்தக் கையில்தான் வாங்கினார். கருத்து, முந்திரிக்கொட்டை உடைத்து, விரல் நுனியெல்லாம் அதன் பால் பட்டுத் தோல் உரிந்த கை. என் கண் அதைவிட்டு நகரவில்லை. அவர் போன பிறகு அந்த டம்ளரை நெடுநேரம் கழுவாமல் வைத்திருந்தேன்.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் வருகிறார். வந்தால் எரிச்சல். வர நாளானால் வாசலைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது ஒன்று வைத்திருப்பார். துறைமங்கலம் ரோட்டில் வண்டி ஓட்டப் பழகும்போது நான் வேலிமுள்ளில் விழுந்தது, மகள் பிறந்த அன்று நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தது. எல்லாவற்றையும் அவர்தான் என்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம்தான் கொளஞ்சியையும் கூட்டிவந்தார். வாசலில் அவளைப் பார்த்ததும் எனக்குள் ஏறிய எரிச்சல் அவர் மேல் ஏறியதைவிடப் பெரிது. புருஷன் உயிரோடு வீடு திரும்பக் கண்டவள். அவர் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "மாத்திரை போட்டீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்கிறாள்.

செல்வராசு வழக்கம்போல ஆரம்பித்தார். "எனக்கு எதுக்குமே பயம் கிடையாதுன்னு சொல்வாரும்மா. அந்த தைரியத்துலதான் நானும் கெடந்தேன்."

நான் குறுக்கே பேசினேன். "தவளைன்னா பயம் அவருக்கு. மழைக்காலத்துல எடைமேடை ரூமுக்குள்ள தவளை வந்துட்டா, ரெண்டு காலையும் நாற்காலி மேல தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாராம். கூட வேலை பாக்குறவங்க வந்து சொல்லிச் சிரிப்பாங்க. வூட்டுக்குள்ள வந்தா நான்தான் வெளக்கமாத்தால தள்ளணும்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "அவரா? என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். கூட விளையாடியவன் தன்னை விட்டுவிட்டு ஊருக்குப் போனதைக் கேட்ட பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல். எனக்கு உள்ளே குளிர்ந்தது. இன்னும் இரண்டு சொன்னேன். அதற்கும் அவர் முகம் வாடியது. போதுமென்று விட மனம் வரவில்லை.

காபி போட அடுப்படிக்கு வந்தபோது கொளஞ்சி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. இவரு வூட்ல என்கிட்ட எதுவும் பேசுறதில்ல. பேசுனா உங்க வூட்டுக்காரரப் பத்திதான். அண்ணன் இப்படிச் சொன்னாரு, அண்ணன் அப்படிச் சொன்னாருன்னு. சில நாளு எனக்கு அவரு மேல கோவம் கோவமா வரும். செத்தவங்க மேல கோவப்படலாமா? ஆனா வருதே."

"உனக்கு ஆள் இருக்குல்ல" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது.

"இருக்காரு" என்றாள். "பாதி ஆளு இன்னும் அந்தக் கட்டில்லதான் இருக்காரு."

சர்க்கரை டப்பாவை அவள் எடுத்துக் கொடுத்தாள். நான் கலக்கினேன். அவளுக்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். அப்படிப் பாதி ஆளாக நீங்கள் கிடைத்தாலும் போதுமென்று வாங்கிக்கொண்டிருப்பேன். பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாலும் போதும். எனக்குப் பழக்கமானதுதானே அது. ஆனால் நீங்கள் பேசியதால் உங்கள் மேல் எரிச்சல்பட, என்னைத் தவிர இன்னொருத்தியும் இருக்கிறாள் என்பது ஏனோ நன்றாக இருந்தது. கிளம்பும்போது, "அடுத்த தடவை நீயும் வா" என்று அவளிடம்தான் சொன்னேன்.

இப்போது வீடு அமைதியாகிவிட்டது. ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமும் செல்வராசு வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பயம் இருக்கும். அதையும் அவரிடம் சொல்லிவிட்டிருப்பீர்களோ என்று. இந்த வருஷமும் அவர் அதைச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வந்த மதியம். தெருவே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் நின்றேன், கிட்டே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்:

"வெயில்ல நிக்காத. உள்ள போ."

இவ்வளவுதானா என்று அன்றைக்கு மனம் குறைப்பட்டது. செல்வராசுவுக்குக் கிடைத்ததற்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவரிடம் இதைச் சொல்லமாட்டேன். கொளஞ்சியிடமும் சொல்லமாட்டேன். மகளுக்கும் தெரியாது. அது எனக்குச் சொன்னது.