நான் பாஸானால் கேள்வி பெயில்

என் அருமை மகளுக்கு,

அம்மா எழுதும் கடிதம். இங்கே நானும் உன் மகளும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா, டியூட்டிக்கு அந்த மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொள்கிறாயா என்று முதலில் எழுது. போனில் கேட்டால் எல்லாம் நல்லாருக்கும்மா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய். மூன்று வாரமாக அந்த ஒரு மூச்சும் எனக்கு மட்டும்தான். போனைப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டினால் டியூட்டிக்கு நேரமாச்சு என்று நீ வைத்துவிடுகிறாய். அவளும் அடுப்பில் ஏதோ இருப்பது போல எழுந்து போய்விடுகிறாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா?

நடந்ததில் பாதியை அவள் உன்னிடம் சொன்னாள். மீதியைக் கோபத்தில் நீயே போட்டு நிரப்பிக்கொண்டாய். முழுக் கதையும் எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் ஆரம்பித்து வைத்தவளே நான்தான். கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் மகள், நம் வாண்டு, ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுப்பதும், கல்வி அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டு ஒரு தாள் தயாரிக்கச் சொன்னதும் உனக்குத் தெரிந்ததுதான். அது பாஸ், பெயில் போடும் பரீட்சை இல்லையாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷில் ஒரு பத்தியைப் படித்தால் அது மண்டைக்குள் இறங்குகிறதா, வாயோடு நின்றுவிடுகிறதா என்று எல்லாப் பள்ளிகளிலும் பார்ப்பதற்காக. எந்தப் பள்ளியில் இறங்கவில்லையோ அங்கே கூடுதலாக ஒரு டீச்சரை அனுப்புவார்கள். தாள் நன்றாக அமைந்தால் வாண்டுவுக்கு அந்த அலுவலகத்திலேயே நிரந்தர வேலை. நீ அங்கே ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி, பகல் டியூட்டி என்று பார்த்து அவளைப் படிக்க வைத்தது அப்படி ஒரு நாற்காலிக்காகத்தான். அது எனக்குப் புரியாமல் இல்லை.

தாளைத் தயாரித்து, முதலில் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே கொடுத்துப் பார்த்தாள். மார்க்கு அள்ளிக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பெருமை பேசிவிட்டார். வாண்டு சிவப்புப் பேனா என்று பெயர் வைத்திருக்கும் அந்த அலுவலக மேலதிகாரிகூட இரண்டே இடத்தில்தான் கோடு போட்டாராம். அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடிந்ததும் கை சும்மா இருந்தது. எனக்கும் ஒரு தாள் கொடேன் என்றேன். "உனக்கு எதுக்கு பாட்டி, கோலம் போடவா?" என்றாள். கொடுடி, பஸ் போர்டு படிக்கிறேன், மருந்து அட்டை படிக்கிறேன், இதையும் ஒரு கை பார்க்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டேன்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு ஏபிசிடி தெரியும், வேறென்ன தெரியும்? ஆனால் தினமும் பேப்பரில் வரும் ஆறு வித்தியாசங்களை நான் விட்டதே இல்லையே. இந்தப் படத்தில் இருப்பது அந்தப் படத்தில் எங்கே என்று தேடித் தேடி என் கண்ணுக்குப் பழக்கம். அதே வேலையைத்தான் செய்தேன். கேள்வியில் நீளமாக இருக்கும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வது. அதே வார்த்தை மேலே பத்தியில் எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டிக் கண்டுபிடிப்பது. அது இருக்கும் வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுவது. சில கேள்விக்கு ஜோடி அகப்படவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

அவள் விளையாட்டாகத் திருத்த ஆரம்பித்தாள். ஒன்று சரி. சிரித்தாள். இன்னொன்றும் சரி. அதற்கும் சிரித்தாள். பத்துக்கு ஏழு! நான் இங்கிலீஷில் பாஸ்! அந்த நிமிஷம் உன் அப்பா இருந்திருந்தால் தெருமுனை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பார். அவர் இல்லாத குறைக்கு நானே ஜன்னலைத் திறந்து கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, அப்போ இனிமே உங்க கிட்ட இங்கிலீஷ்லதான் கூலி கேக்கணுமா என்றார்.

நான் திரும்பிப் பார்த்தால் வாண்டு சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, இந்தப் பத்தியில என்ன கதைன்னு சொல்லு" என்றாள். ஏழு மார்க் வாங்கிய திமிரில் நானும் தயங்காமல் சொன்னேன். ஒரு கல்யாண வீடு, சாப்பாடு பத்தவில்லை, சண்டை என்று. அது என்ன பத்தி தெரியுமா? தேனீ கூட்டுக்குத் திரும்பி வந்து, பூ இருக்கும் திசையை மற்ற தேனீக்களுக்கு எப்படிக் காட்டுகிறது என்பதாம். கல்யாணமும் இல்லை, சண்டையும் இல்லை.

மறுநாள் அவள் வகுப்பில் போய் அதையே செய்தாள். தாளை மூடி வைத்துவிட்டு, படித்ததை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பத்துக்குப் பத்து வாங்கிய பையன் தேனீ என்று சொல்லிவிட்டு முழித்தானாம். அதற்கு மேல் நகரவில்லை. நாலு மார்க் வாங்கிய பின்வரிசைப் பெண் ஒருத்தி முழுக் கதையையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாளாம். அது மட்டுமா, அப்போ மேகம் மூடியிருந்தா தேனீ என்ன மிஸ் பண்ணும் என்று வாண்டுவையே கேட்டிருக்கிறாள். புரிந்தவளுக்கு நாலு, புரியாதவனுக்குப் பத்து. என்னை மாதிரியே விரலை ஓட்டிப் பார்த்து எழுதின பிள்ளைகள்தான் மார்க்கை அள்ளியிருக்கிறார்கள்.

இப்போது நீயே சொல். வார்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஜுரமே இல்லை என்று காட்டும் தெர்மாமீட்டரை நீ கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நடப்பாயா? அந்தத் தாள் அப்படியே அச்சேறியிருந்தால் எல்லாப் பள்ளியும் பிரமாதம் என்று வந்திருக்கும். கூடுதல் டீச்சர் ஒரு பள்ளிக்கும் போயிருக்கமாட்டார்.

அவள் போய்த் தாளைத் திருப்பிக் கேட்டாள். சிவப்புப் பேனா எகிறிவிட்டார். உங்க வீட்டுப் பாட்டி மார்க் வாங்கினா அதுக்கு நான் என்னம்மா பண்றது என்று கேட்டாராம். அவள் என் விடைத்தாளையே மேசையில் வைத்தாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார், பேனாவை மூடினார், கொஞ்சம் அவகாசம் தருகிறேன், வேறு செய்துகொண்டு வா, வேலை விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். தலைமையாசிரியை இவள் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். மைக்கில் பேசியதைத் திரும்ப வாங்க முடியாதே, பாவம்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். யாருமே பார்க்காத ஓட்டையை நீயே ஏண்டி போய்க் காட்டினே என்று கேட்டாய். அது ஒரு தாய் கேட்கக்கூடிய கேள்விதான். அதற்கு அவள் சொன்ன பதில் இருக்கிறதே, "யாரும் பாக்கலேன்னா நீ மருந்தை மாத்திக் குடுத்துட்டுப் போயிடுவியாம்மா?" என்றது, அது அதிகப்படி. உன் வேலையை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ போனை வைத்ததும் நான் அவளைத் திட்டினேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாளே உனக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் ரோஷம் விடவில்லை. அந்த ரோஷம் யாரிடமிருந்து வந்தது என்று நான் எழுதத் தேவையில்லை.

வீட்டு விஷயம் ஒன்று. நீ ஊரை விட்டுப் போன மாதம், உன் ஊர் நேரத்தை வைத்து ஒரு சின்னக் கடிகாரத்தைப் பெரிய கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன் அல்லவா, நீங்கள் சண்டை போட்ட வாரம் அது நின்றுபோனது. நாற்காலி மேல் ஏற எனக்குப் பயம். அவளிடம் சொல்லவும் மனசு வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரமும் சரியாக இருக்கிறது. யார் பேட்டரி போட்டது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சரி, என் உத்தியோகத்துக்கு வருகிறேன். ஆமாம், எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. புதுத் தாளுக்கு அவள் எழுதும் ஒவ்வொரு கேள்வியும் முதலில் என்னிடம்தான் வருகிறது. சாயங்காலம் டீ குடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிடுவேன். என் விரலுக்கு அகப்பட்டுவிட்டால் அந்தக் கேள்வி குப்பைக் கூடைக்கு. நான் பாஸானால் கேள்வி பெயில். நான் பெயிலானால்தான் கேள்வி பாஸ். முதல் சில நாள் நான் கூடையை நிரப்பினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, உன்னைத் தோக்கடிக்கறது இவ்வளவு கஷ்டமா பாட்டி என்றாள். கேள்வியில் இருக்கும் வார்த்தை பத்தியில் இருக்காதபடி, பத்தி முழுவதையும் சேர்த்து யோசித்தால்தான் விடை வரும்படி அவள் எழுதப் பழகிக்கொண்டாள். ஏன் என்று கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் தமிழிலேயே பதில் எழுதலாம் என்றும் வைத்துவிட்டாள். புரிந்ததா என்றுதானே பார்க்கிறோம், எழுத வருகிறதா என்று இல்லையே என்கிறாள். அதன் பிறகு ஒருநாள் ஒரு முழுத் தாளுக்கு நான் முட்டை வாங்கினேன். அவள் ஓடி வந்து கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். முட்டை வாங்கியதற்காக என் வாத்தியார் எனக்குக் கொடுத்ததெல்லாம் வேறு.

என் கூலி என்ன தெரியுமா? ஒவ்வொரு தாளையும் திருத்தியதும் அந்தப் பத்தியை அவள் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். வரிக்கு வரி விரல் வைத்துச் சொல்லுவாள். இதனால் ஒரு தொல்லையும் வந்தது. எனக்குச் சில வார்த்தை பழகிவிட்டது. இனிமேல் நீ உதவ மாட்டே பாட்டி, கெட்டுப்போயிட்டே என்கிறாள்.

போன வாரம் கடைசிப் பத்தியைக் கொண்டுவந்தாள். மற்றதெல்லாம் புத்தகங்களிலிருந்து எடுத்தது, இது அவளே எழுதியதாம். சின்னப் பத்திதான். ஒரு பெண் இருக்கிறாள். அவள் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரம். பெரியதைப் பார்த்துச் சமையலை ஆரம்பிக்கிறாள். தட்டு வைக்கும்போது சின்னதைப் பார்த்து, எழுந்திரு, நேரமாச்சு என்று மெதுவாகச் சொல்லுகிறாள். ஆனால் அந்த வீட்டில் யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அவ்வளவுதான். கேள்வி, அந்தப் பெண் ஏன் இரண்டு கடிகாரம் வைத்திருக்கிறாள் என்பது.

பழகின வார்த்தைகளை வைத்து மெதுவாகப் படித்தேன், இந்த முறை ஜோடி தேடி விரலை ஓட்டவில்லை. தமிழில் எழுதினேன், ஒன்று இந்த வீட்டுக்கு, ஒன்று தூரத்தில் இருக்கிற மகளுக்கு என்று.

அவள் பென்சிலை எடுத்துவிட்டாள், அடிப்பதற்கு. நான் பாஸாகிவிட்டேனே. அப்புறம் நிறுத்தி, "நம்ம சுவத்தைப் பாத்து எழுதினியா, தாளைப் பாத்து எழுதினியா?" என்று கேட்டாள். சுவரைப் பார்த்து எழுதியிருந்தால் அது வாசித்ததில் சேராதாம். நான் அந்த வரியில் விரலை வைத்தேன். வீட்டில் யாருமே தூங்கவில்லை, அப்போது இவள் யாரை எழுப்புகிறாள் என்றேன். மகள் என்றோ வெளிநாடு என்றோ பத்தியில் ஒரு வார்த்தை கிடையாது. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து போய், ஏற்கனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை எல்லாம் மறுபடி கழுவினாள். அந்தக் கேள்வியை அடிக்கவில்லை. நானும் பாஸ், கேள்வியும் பாஸ் என்று ஆனது அது ஒன்றில்தான்.

பக்கத்துப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அந்தத் தாளைக் கொடுத்துப் பார்த்தாள். புரிந்தவர்கள் எழுதினார்கள், புரியாதவர்கள் எழுதவில்லை, தாள் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். ஒரு பையன் மட்டும், ஒரு கடிகாரம் ரிப்பேர், அதைக் கழற்றி எறிய அவள் வீட்டுக்காரருக்குச் சோம்பல் என்று எழுதியிருந்தான். அதற்கு மார்க் இல்லை, ஆனால் அவன் குடும்பம் நடத்திவிடுவான் என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிவப்புப் பேனா தாளை முழுசாகப் படித்துவிட்டு, ஒரு கோடுகூடப் போடாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டாராம். வேலை இன்னும் உறுதியாகவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். வரலாம், வராமலும் போகலாம். அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

இந்தக் கேள்வி பரீட்சை முடியும்வரை என் வாயை விட்டு வெளியே போகக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. நீ ஒன்பதாம் வகுப்பு இல்லை என்பதால் எழுதிவிட்டேன். அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. உன் மகளிடமும் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

விடையை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். நீ எழுந்து டீ போடும் நேரம் இந்தச் சுவரில் தெரியும். நாங்கள் அப்போதுதான் தட்டு வைப்போம். அந்த நேரத்தில் ஒரு போன் போடு. அவள் நம்பருக்குப் போடு. என் நம்பருக்குப் போடாதே, நான் எடுக்க மாட்டேன்.

முழங்காலைக் கவனித்துக்கொள். நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா