பதினோரு டார்ச்சும் அமாவாசைப் படங்களும்

உன் வீட்டுப் பதினோரு டார்ச் லைட்டுகளும் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் என் ஸ்டுடியோவுக்கு வந்து நான்கு நாளாகிறது. மதினியே ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். "எடுத்துக்கோங்க தம்பி. பாக்கப் பாக்க எரிச்சலா வருது." அவ்வளவுதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு டார்ச்சாக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கரண்டு போயிருச்சா?" என்று கேட்கிறார்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பகல் பதினோரு மணிக்கு, மில் ஸ்டோரில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டாய். எனக்கு ஏழு மாதம் மூத்த சிநேகிதன் என்கிற கெத்தில் உன் மனைவியை மதினி என்று கூப்பிட வைத்தவன் நீ. அந்த மதினியிடம் சொல்ல வேண்டிய ஒன்றை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

அமாவாசைக்கு அமாவாசை நாம் செய்த வேலையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நிலா இருந்தால் படம் கெட்டுவிடும் என்று அந்த நாளைப் பிடித்தது நீதான். இடம், வத்திராயிருப்புப் பாதையில் இருக்கும் என் தம்பியின் தென்னந்தோப்பு. ஒரே வரிசையில் பத்து மரம்; ஒவ்வொன்றிலும் நெஞ்சுயரத்தில் பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கட்டுவேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை இரண்டு விநாடிக்கு வைத்துவிட்டால், கடைசி டார்ச் வரைக்கும் அதைத் தொடக்கூடாது. ஆட்டோவில் விட்டால் கேமரா மங்கின விளக்கையும் நல்ல விளக்காகக் காட்டிவிடும். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? நீ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று டார்ச்சைப் பிடிப்பாய். ஓர் அடிகூட நகரமாட்டாய். அதை நான் ஒழுங்கு என்று நினைத்தேன்.

மறுநாள் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். அவற்றை அங்கேயே பகல் வெளிச்சத்தில் வரிசையாகப் பரப்பி, எதில் எத்தனை துணி தெரிகிறது என்று எண்ணுவாய். தோப்பிலேயே பார்த்துவிட்டால் ஆகாதா என்று கேட்டால், "கண்ணு ஏமாத்தும்லே. படம் ஏமாத்தாது" என்பாய்.

எனக்குத் தூரம் பாயும் டார்ச்தான் பிடிக்கும். ஒரு நீளக் கறுப்பு டார்ச் பத்தாவது துணியையும் தாண்டி வேலிக் கம்பியைக் காட்டியபோது நான் குதித்தேன். நீ படத்தின் கீழ்மூலையில் விரலை வைத்தாய். "தூரத்துல எவன் நிக்கான்னு பாத்து எனக்கு என்ன ஆவப்போவுது? காலுகிட்ட குழி கெடக்கான்னு தெரியல பாரு." கிழவன் மாதிரிப் பேசாதே என்று உன்னைக் கேலி செய்தேன். அப்போது உனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ, ஒரு துணி அவிழ்ந்து விழுந்துவிட்டது. நான் போய்க் கட்டிவிட்டு, விளையாட்டாகச் சத்தம் காட்டாமல் திரும்பி வந்து, உனக்கு வலப்பக்கம் கையெட்டும் தூரத்தில் நின்றேன். உன் டார்ச் அணைந்திருந்தது. நட்சத்திர வெளிச்சத்தில் எனக்கு உன் வெள்ளைச் சட்டை தெரிந்தது. நீ தோப்பைப் பார்த்துக் கூப்பிட்டாய்: "ஏலே, கட்டிட்டியா? எங்கலே நிக்க?" நான் இருமினேன். நீ இடப்பக்கம் திரும்பினாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினாய். அந்தக் கைகளை நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாய். மாலைக்கண். மதுரையில் காட்டியாயிற்று, விழித்திரையில் கோளாறு, மருந்து கிடையாது, பார்வை வட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே போகும். யார் துணையும் இல்லாமல் இருட்டில் நடக்க ஒரு டார்ச் கிடைக்காதா என்றுதான் இத்தனை நாளும் தேடியிருக்கிறாய். இருட்டில் உன் கண்ணால் எது நல்லது என்று பிரிக்க முடியாததால்தான் என் படங்கள் உனக்குத் தேவைப்பட்டிருக்கின்றன.

"உன் மதினிகிட்ட மட்டும் சொல்லிராதலே" என்றாய். "தெரிஞ்சா தேரடியில என் கையப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவா. ஊரு பூரா பாக்கும்."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை. அந்த இடத்தில் நீ எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மதினிக்குப் பிறந்த வீடு எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அவருடைய அப்பா படுக்கையில் கிடந்த கடைசி ஒன்பது நாளும், சாயங்காலம் மதினி தனியாகத்தான் பஸ் ஏறி வந்தார். நீ விடிந்ததும் வந்து பார்த்துவிட்டு மில்லுக்கு ஓடிவிடுவாய். சொந்தபந்தம் கூடுவது பொழுது சாய்ந்த பிறகுதான். "மருமகன் எட்டிப் பாக்கல" என்று பேசினார்கள். கேட்டுக்கொண்டு நின்றவர் மதினி. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஓர் அமாவாசைக்கு நீ என் பைக்கில் ஏறியபோது அவர் வாசலுக்கு வந்தார். "தம்பி கூடன்னா ராத்திரி போவீய. எங்க வீட்டுக்குன்னா மட்டும் கால் வராது, என்ன?" நீ கிளம்பச் சொல்லி என் தோளைத் தட்டினாய். நான் பைக்கை உதைத்துக் கிளப்பினேன். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலையில் அதற்கு மேல் தாங்கவில்லை. படங்களைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் போனேன். உளறித்தான் சொன்னேன். மதுரை, மாலைக்கண், தோப்பு, சத்தியம் என்று முன்னும் பின்னுமாக. மதினி அழவில்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"ஆமா மதினி."

"எங்கப்பா கெடக்கும்போதும் தெரியும்."

"ஆமா."

"மனசுல வெறுப்ப வச்சுக்கிட்டு அந்த மனுசனுக்கு அம்புட்டு நாளும் சோறு போட்டிருக்கேன். நீங்க வருவீய, காபி குடிப்பீய, பைக்க எடுத்துட்டுப் போவீய." என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே தம்பி. ஊரு பாத்தா என்ன?"

உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அதைவிட என்மேல்தான் அதிகம் வந்தது.

அவர் கையை நீட்டினார். படங்களைக் கொடுத்தேன். மேலே இருந்தது நாம் கடைசியாக எடுத்தது. இதுதான் சரி என்று நீ முடிவு செய்த சின்ன டார்ச். வெளிச்சம் நன்றாகப் பரந்து, காலடிப் புல்லும் ஆறு துணியும் பளிச்சென்று தெரிகிற படம். மதினி அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல அவியளுக்கு எம்புட்டு தெரிஞ்சிருக்கும்?"

காட்டுவதற்காக விரலை நீட்டினேன். மூன்றாவது துணியிலா, முதல் துணியிலா, காலடிப் புல்லிலா, எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எந்த டார்ச் எத்தனை மரத்தைக் காட்டும் என்று பதினொன்றுக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். உன் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

"தெரியல மதினி" என்றேன்.

அவர் படங்கள் எதையும் திருப்பித் தரவில்லை. நான் வெறும் பையோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் உன்னிடம் கேட்டுக்கொண்டே வந்தேன், இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்: எம்புட்டுலே தெரிஞ்சிது உனக்கு?