சுழியில் துடுப்பை மடியில் வைத்தவனுக்கு

என் பிரியமுள்ள மாதையா,

பன்னிரண்டு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத வராதவன் இல்லை நான். பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் இன்னமும் இங்கிலீஷ் வாத்தியார்தான். சுற்று வட்டாரத்தில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். உனக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல்லுக்கு இப்போது சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நிறைய பஸ் வருகிறது. அருவிக்குப் பக்கத்தில் மீன் வறுக்கிற கடைகள் வரிசையாக வந்துவிட்டன. பரிசலுக்குத் தோல் போர்த்துவதைச் சிலர் விட்டுவிட்டார்கள். உரச்சாக்கைத் தைத்துப் போர்த்தித் தார் பூசிவிடுகிறார்கள். நீ பார்த்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

உன் பெண்டாட்டி என் வீட்டில்தான் இருக்கிறாள். தங்கையாக ஏற்றுக்கொண்டேன் என ஊரில் எனக்கு நல்ல பெயர். தெய்வானைக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள். வருஷா வருஷம் சிவராத்திரிக்கு ஆற்றைத் தாண்டி, காட்டு வழியே மாதேஸ்வரன் மலைக்குச் செருப்பில்லாமல் நடக்கிறாள். போய்ச் சேர்ந்ததும் ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றி உருள்கிறாள். எதற்குத் தெரியுமா? உன் சத்தியத்துக்கு.

கல்யாணமான புதிதில் நீ சாராயம் குடித்துவிட்டு அவளை அழவைத்ததும், பிறகு அந்த மலையில் கற்பூரத்தை அடித்து இனித் தொடமாட்டேன் என்று சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. நீ அதற்கப்புறம் தொடவே இல்லை. எட்டு மாசம், சாகிற நாள் வரைக்கும். இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நீ சாமியையும் அவளையும் ஏமாற்றிவிட்டு, குடித்த வெறியில் ஆற்றில் போய்விட்டாய் என்று நம்புகிறாள். அந்தக் குற்றத்தை நீ சுமக்கக் கூடாது என்று அவள் உருள்கிறாள்.

அவளை அப்படி நம்பவைத்தவன் நான்.

நீ போன அன்று துறைக்கு வந்த அந்த வெள்ளைக்காரன் பெங்களூரில் ஏதோ தொழிற்சாலையில் இன்ஜினியர். மரச்சட்டமும் ரப்பர் பூசிய துணியுமாக ஒரு ஒற்றையாள் படகை மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தான். கயாக் என்றான். இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவன் கேட்க, என் தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். பரிசல்துறையில் நீயும் உங்கள் ஆட்களும் நின்றீர்கள். அவன் சட்டங்களை ஒன்றோடொன்று மாட்டித் துணியை இழுத்து விட்டதும், நீ அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுவும் பரிசல்தான் மச்சான். நீட்டி வெச்சுக்கிட்டான், அவ்வளவுதான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற நீ என் மாமன் மகன் என்று அவனிடம் நான் சொல்லியிருக்கவும் இல்லை.

அருவி விழுந்து பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிற அந்த இடத்தில், நீங்கள் பரிசல் விடப் பயப்படும் வெள்ளத்தில், அவன் போய்விட்டு வந்தான். கீழே மணல்திட்டில் ஏறி நின்று கையை ஆட்டினான். படகைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தவன் உன் பரிசலைக் காலால் தட்டி, இது காய்கறிக் கூடை, ஆற்றுக்கு ஆகாது என்றான். அதை நான் ஒரு சொல் விடாமல் உன்னிடம் தமிழில் சொன்னேன். ஏன் சொன்னேன்? யாரும் என்னைக் கேட்கவில்லையே.

உன் முகம் கறுத்தது. "நானும் ஒருக்கா உட்டுப் பாக்கறேன்னு சொல்லு" என்றாய். துறையில் இருந்தவர்கள் உன்னைச் சும்மா விடவில்லை. தொரை படகில் குந்தியபிறகு எங்களோடு பீடி குடிப்பாயா என்று ஒருத்தன் கேட்டான். தெய்வானைக்குத் தெரிந்தால் வூட்டுக்குள் சேர்க்காது என்றான் இன்னொருவன். நீ அசைவற்ற தண்ணீரில் இரண்டு முறை போய் வந்தாய். பிறந்ததிலிருந்து அதில் உட்கார்ந்தவன் போலப் போனாய். வெள்ளைக்காரனே கை தட்டினான்.

பிறகு அவன் உன்னை உட்காரவைத்து, படகின் வாயை மூடுகிற ரப்பர் துணியை உன் இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டே ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னான். சுழி வந்தால் துடுப்பை நிறுத்தாதே, போட்டுக்கொண்டே இரு, நிறுத்தினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். நான் சொன்னேன். நீ சிரித்தாய்.

"சுழி வந்தா துடுப்ப மடியில வெச்சுக்கிட்டுக் குந்திக்கணும் மச்சான். அதுவா சுத்தும், அதுவா வுட்டுடும். மல்லுக்கட்டறவன்தான் சாவான். இத்தப் போயி எனக்குச் சொல்லித் தரானா?"

பரிசலுக்கு அது சரி. வட்டமான பரிசலுக்கு முன்னும் பின்னும் கிடையாது, குறுக்கும் கிடையாது. உன் அப்பனும் அவன் அப்பனும் அப்படித்தான் பிழைத்தார்கள். ஆனால் அது பரிசல் இல்லையே மாதையா.

வெள்ளைக்காரன் நீ சிரித்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: என்ன சொல்கிறான், புரிந்துகொண்டானா? நீ சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உன்னைக் கீழே இறக்கிவிட்டிருப்பான். அவன் முட்டாள் இல்லை. நான் சொன்னேன், எல்லாம் புரிந்துகொண்டான் என்று. சுத்தமான இங்கிலீஷில் சொன்னேன். அவன் முன்னால் நீ விவரம் கெட்டவனாகத் தெரியக் கூடாது என்று நினைத்ததாகப் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நான் விவரம் கெட்ட சனத்தில் பிறந்தவன் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

பெரிய பாறைக்குக் கீழே சுழி உன்னைப் பிடித்தது. நீ துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். தலையைக் குனிந்துகொண்டாய். பதற்றமே இல்லை உன்னிடம். படகு ஒருமுறை குறுக்கே திரும்பிப் புரண்டது. அதன் அடிப்பாகம் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ரப்பர் துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வர உனக்கு எவ்வளவு நேரம் ஆனது? வந்தபோது மூச்சு இருந்ததா? மூன்றாம் நாள் ஏரியூர்ப் பக்கம், மேட்டூர் அணைத்தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் உன்னை எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு அவசரம். வெளிநாட்டுக்காரன் மேல் எதுவும் வரக் கூடாது. மதுவிலக்கு இருந்த காலம், குடித்தவனே குற்றவாளி; குடித்துச் செத்தான் என்றால் மேலே யாரும் கேட்கமாட்டார்கள். "உங்க மச்சான் பழைய குடிகாரருன்னு சொல்றாங்களே, அன்னைக்கும் போட்டிருந்தாருங்களா?" என்று என்னிடம் கேட்டார். நீங்க கவர்ன்மென்ட் சம்பளம் வாங்கறவரு, பாத்து எழுதிக் குடுங்க என்றார். குடித்திருந்தாய் என்று எழுதிக் கொடுத்தேன். துறையில் இருந்த பரிசல்காரர்கள் நாலு பேர் அதன் கீழே கைநாட்டு வைத்தார்கள். தவறி விழுந்ததாக எழுதியிருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

பிறகு அது எப்படியோ வெளியே வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது தெய்வானை வழியில் வந்து நின்றாள்.

"நெசமாண்ணா? குடிச்சிருந்தாரா?"

ஆமாம் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுத்த சிவராத்திரிக்கு நடக்க ஆரம்பித்தாள்.

எனக்கு எல்லோர் மேலும் கோபம் உண்டு, மாதையா. அந்த அதிகாரி மேல். ஊருக்குப் போன பிறகு இரண்டு பக்கம் அனுதாபக் கடிதம் எழுதிய வெள்ளைக்காரன் மேல். என்னை அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்காத தலைமையாசிரியர் மேல். இன்றைக்கும் நான் துறைக்குப் போனால் எழுந்து போய்விடுகிற அந்த நாலு பேர் மேல். உன் மேலும்தான். எதற்கு அந்தத் துடுப்பை மடியில் வைத்தாய்? இத்தனை கோபத்தையும் நான் ஒன்று விடாமல் காப்பாற்றி வந்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. அதெல்லாம் இருக்கும்வரை என் பக்கம் நான் திரும்ப வேண்டியதில்லை.

இந்த வருஷம் சிவராத்திரிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. டாக்டர் நடக்கவே கூடாது என்கிறார். நேற்று நானும் சொல்லிப் பார்த்தேன். முட்டிக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "நான் நடக்கலீன்னா அவருக்கு வேற ஆரு இருக்காங்கண்ணா?" என்றாள். அவளுக்கு உன் மேல் வெறுப்பு என்று பன்னிரண்டு வருஷம் நினைத்திருந்தேன். வெறுப்பு இருந்தால் இப்படி நடப்பாளா? அது கூடத் தெரியாமல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

இதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அதில் தைரியம் ஒன்றும் இல்லை. படித்தவர்கள் படித்துவிட்டு உச்சுக்கொட்டுவார்கள், சிலர் நன்றாக எழுதியிருக்கிறாய் என்றும் சொல்வார்கள். தெய்வானைக்கு எழுத்துத் தெரியாது. அச்சில் வந்தாலும் நான் வாயைத் திறக்காவிட்டால் அவளுக்குப் போய்ச் சேராது. இந்தச் சௌகரியத்தில்தான் இத்தனை காலம் ஓட்டினேன்.

உனக்கு வாக்குக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கொடுக்கிறேன். நாளைக் காலையில் அவள் வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்ததும், இதை முதல் வரியிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். நடுவில் நிறுத்தமாட்டேன், எதையும் மாற்றிச் சொல்லமாட்டேன். கேட்ட பிறகு அவள் என் வீட்டை விட்டுப் போகலாம். போவாள் என்றுதான் நினைக்கிறேன். எங்கே போவாள் என்று எனக்குத் தெரியவில்லை. தடுக்கமாட்டேன். ஆனால் உன் சத்தியத்துக்காக இனி அவள் ஓர் அடி நடக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அத்தை மகன்,
தெய்வானையின் அண்ணன், நாளைக் காலை வரைக்கும்.