ஈரலுக்கு எத்தனை பேர் வேண்டும்

12-9-55, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் புதுச்சேரியிலிருந்து தபால். தடியாக ஒரு படிவம், முழுக்க இங்கிலீஷ். பிரெஞ்சில் ஒரு வரி கிடையாது. துரைமார் கப்பலேறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள்.

புது டாக்டர் ராகவன் (மெட்ராஸ்காரர், முப்பது வயது, தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை) படித்துச் சொன்னார். டெல்லியில் ஐந்தாண்டுத் திட்டம் தீட்டுகிறார்களாம். எந்த நோய்க்கு எத்தனை தனிப்பயிற்சி டாக்டர், எத்தனை நர்ஸ் வேண்டும் என்று தேசம் முழுக்கக் கேட்கிறார்கள். பத்து வருஷப் பதிவேட்டை நோய்வாரியாக எண்ணி அனுப்ப வேண்டும். 26ஆம் தேதி கடைசி.

"ரைட்டர் சார், ரிஜிஸ்தர் எல்லாம் உங்க கையெழுத்துதானே? நீங்களே எண்ணிடுங்க."

என் கையெழுத்துதான். அச்சுக் கோத்தாற்போல் இருக்கும். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்வதில்லை.

வாங்க: நீல மை, நிப்பு இரண்டு, வீட்டுக்காரி தனத்துக்கு மூட்டுவலித் தைலம்.

13-9, செவ்வாய்

பதிவேடுகளைத் தூசி தட்டினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. தூசியோடு பெ. டா.வும் ஞாபகத்தில் வந்துவிட்டார், போன வருஷம் கப்பலேறிய துரை. பெரிய டாக்டர். வெள்ளைக் கால்சட்டை. ஏழரைக்கு "போன்ழூர்" என்று வணக்கம். ஒரு கிண்ணம் கறுப்புக் காபி. பிறகு வார்டு. நோயாளியின் வலது விலாவுக்குக் கீழே இரண்டு விரலால் தட்டுவார். கண்ணை மூடிக் கேட்பார். "ஃபுவா" என்பார். அவர்கள் பாஷையில் ஈரல். நான் பின்னாலேயே நின்று எழுதுவேன். நோயாளியிடம் தமிழில், "மூணு நாள் கஞ்சி. எண்ணெய் வேணாம். கோவம் வேணாம்."

கோபம் வேண்டாம் என்று எந்த டாக்டர் இப்போது சொல்கிறார்?

கொடி மாறிய அன்று நானும் கை தட்டினேன். அவர் வண்டி கிளம்பிய அன்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். இரண்டும் நான்தான்.

15-9, வியாழன்

எண்ணி முடித்தாயிற்று. ஈரல்தான் முதலிடம். காய்ச்சல்கூட அதற்குப் பின்னால்தான்.

டா. ராகவன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "சார், தேசத்துலயே இவ்வளவு ஈரல் கேஸ் எங்கயும் இருக்காது! முதல் ஈரல் டாக்டரை நமக்குத்தான் போடுவாங்க. நர்ஸ் ஒருத்தரை மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்பலாம்."

நர்ஸ் ஸ்டெல்லா பக்கத்தில்தான் நின்றாள். பதினெட்டு வருஷமாகக் குழந்தைகள் வார்டு. "நான் போறேங்க டாக்டர்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே. மத்தியானமே டிரங்குப் பெட்டி எங்கே நன்றாய் இருக்கும் என்று விசாரணை.

சாயங்காலம் ஒரு தூறல். மாடியில் காய்ந்த வடகம் நனைந்தது, பழி என் தலையில்.

16-9, வெள்ளி

ஜவுளிக்கடை உமர் மரைக்காயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ரைட்டரே, நேத்து கல்யாண வூட்டுல நெய்ச்சோறு. வயிறு கல்லாட்டம் கெடக்கு. பழைய துரை குடுப்பாரே ஈரல் மருந்து, அதைக் குடுக்கச் சொல்லுங்க."

டா. ராகவன் அமுக்கிப் பார்த்தார். "ஈரல் நல்லா இருக்கு பாய். அஜீரணம்தான்."

மரைக்காயருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன பேசுறீங்க? பத்து வருஷமா எனக்கு ஈரல்தாங்க!"

எனக்குச் சுரீர் என்றது. உள்ளே போய்ப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடினேன். ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார். எல்லாம் தர்கா கந்தூரி விருந்துக்கு மறுநாள், கல்யாண மாதம். மற்றவர்களையும் பார்த்தேன். தீபாவளி மறுநாள் ஒரு பக்கம் முழுக்க ஃபுவா. தலைவலிக்கு ஃபுவா. தூக்கம் வராதவனுக்கு ஃபுவா. மாமியாரோடு சண்டை போட்டு மயங்கி விழுந்தவளுக்கும் ஃபுவா. அவர்கள் ஊரில் எந்த உபாதையும் ஈரலில்தான் தொடங்குமாம், அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் அதையெல்லாம் இங்கிலீஷில் அழகாக 'லிவர்' என்று மாற்றி வைத்திருக்கிறேன். நான் எண்ணியது நெய்ச்சோற்றை.



17-9, சனி

சொல்லிவிட்டேன். டா. ராகவன் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இதைச் சொன்னா நமக்கு ஈரல் டாக்டர் கிடையாது. சொல்லாம இருந்தா கிடைப்பார். அந்த வரிகளை அடிக்க எனக்குக் கை வரல சார். எழுதினவர் நீங்க. உங்களுக்கு வருமா?"

எனக்கு அந்தக் கவலை இல்லை. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு யாரோ பெ. டா.வைப் பார்த்துக் கெக்கலி கொட்டிச் சிரிப்பார்களே, அதுதான் கவலை.

ஸ்டெல்லாவுக்குத்தான் ஆத்திரம். டிரங்குப் பெட்டி போனதற்கு இல்லை. "சரி, அதெல்லாம் பொய்யி. நெசமான ஈரல் எங்கங்க? குலைக்கட்டிக் கொழந்தைங்க? இந்த ரிஜிஸ்தர்ல ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

காட்ட முடியவில்லை. ஈரல் கல்லாகி வயிறு வீங்கி, கைகால் குச்சியாகி, ஒரு வயசு ஒன்றரை வயசில் போகிற குழந்தைகள். வைத்தியர், தாயத்து எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி நாளில்தான் இங்கே தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

"வாசப்படியிலயே முடிஞ்சிடும். படுக்கையில படுக்காத புள்ளைக்கு நீங்க பேரு எழுத மாட்டீங்க."

சட்டம் அப்படி. சட்டத்தை நான் போடவில்லை.

டா. ராகவன்: "அப்ப அந்தக் குழந்தைகளை எண்ணுங்க சார். ஒரு வாரம் இருக்கு. உண்மையா கேட்போம். கொடுத்தா கொடுக்கட்டும்."

20-9, செவ்வாய்

சைக்கிள். கோட்டுச்சேரி வரை. இடுப்பு போச்சு. இதே ரோட்டில் பெ. டா.வோடு குதிரை வண்டியில் அம்மை குத்தப் போனது ஞாபகம். புளியமர நிழல் வந்தால் தொப்பியைக் கழற்றுவார், வெயில் வந்தால் போடுவார், ஊர் போய்ச் சேரும்வரை அதுவே வேலை. தனியாகச் சிரித்துக்கொண்டே மிதித்தேன்.

முதல் வீட்டில் சிரிப்பு நின்றது. அந்த அம்மா தவிட்டுக் கையோடு வெளியே வந்தாள். "பேரா? எம்புள்ள செத்து ஆறு வருசமாச்சு. இப்பத்தான் பேரு கேக்க ஆளு வருதா?" திட்டிவிட்டுச் சொன்னாள். பிறகு பித்தளைச் செம்பில் பால் கொண்டுவந்து, குடித்தால்தான் ஆயிற்று என்றாள்.

23-9, வெள்ளி

பட்டினச்சேரி, கருக்களாச்சேரி இரண்டும் ஆயிற்று. மீனவர் குப்பங்களில் அதிகம் இல்லை. ஊருக்குள்தான், மாடு கட்டியிருக்கும் வீடுகளில்தான் வீட்டுக்கு ஒன்று, சில வீட்டில் அடுத்தடுத்து இரண்டு. பாலுக்குக் குறைவில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன்? டா. ராகவனுக்குத் தெரியவில்லை. மெட்ராசிலும் தெரியாதாம். "இதைத் தேடத்தான் சார் ஆள் வேணும்" என்றார். அதையே இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். எழுதினார்.

பழைய ஃபுவா வரிகளைச் சிவப்பு மையில் அடித்தேன். மன்னியுங்கள், பெரிய டாக்டர் முசியே.

25-9, ஞாயிறு

மேகமூட்டம். சுத்தப் பிரதி. டெல்லி எண்ணிக்கைதான் கேட்டது, நான் பெயரும் சேர்த்து எழுதுகிறேன். தனம் எதிரே உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிழை பார்ப்பதற்காக ஒவ்வொன்றாய் வாய்விட்டுப் படித்தேன். ஊர், பெயர், வயது. கடைசி வரி வந்ததும் பேனாவை மூடினேன்.

"முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுது."

"நம்ம வூட்டை உட்டுட்டீங்களே."

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள்.

பதினோரு வருஷம். எந்த நாட்குறிப்பிலும் நான் எழுதியதில்லை. ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்க்கிறவன், என் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகவில்லை. துரையிடம் காட்டுவோம் என்று இவள் கெஞ்சினாள். வேண்டாம், அவருக்கு இது தெரியாது, கஞ்சி கொடு என்பார் என்று சொன்னவன் நான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மறுநாள் காலையும் அவர் பின்னால் நின்று எழுதினேன்.

பேனாவைத் திறந்தேன். வயது ஒன்றரை என்று எழுதப் போனேன்.

"ஒரு வருசம் நாலு மாசம்" என்றாள்.

காரைக்கால். கௌரி. ஒரு வருஷம் நான்கு மாதம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படவில்லை.