முகம் தெரியாதவனுக்குப் போகவிருந்த டிக்கெட் காசு

இன்று மதியம் என் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் ஒரு பெண் தள்ளிய பணம் அனுப்பும் படிவத்தோடு இன்னொரு தாளும் சேர்ந்து வந்துவிட்டது. வரிசையில் எத்தனை நிமிடம் நின்றீர்கள், ஊழியர் சிரித்தாரா, உடை சுத்தமாக இருந்ததா என்று பதினோரு கேள்விகள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் இத்தனை வருடமாகியும் அந்தத் தாள் மட்டும் மாறவே இல்லையடி.

ஆமாம், நான் இப்போது பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில்தான் வேலை செய்கிறேன். கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

புஜைராவில் நாம் ஒரே ரூமில் இருந்த அந்த வருடத்தை நினைத்துக்கொண்டேன். நீ யாழ்ப்பாணத்துக்காரி, துறைமுகச் சரக்கு கிளியரிங் ஆபீஸில் கிளார்க். நான் நாகூர்க்காரி, அதே கட்டடத்தில் ரிசப்ஷன். நீ என்னை ‘நீர்’ என்பாய், நான் உன்னை ‘நீ’ என்பேன். மரியாதை தெரியாத ஊர் என்று என்னைச் சீண்டுவாய். அம்மாவிடம் விட்டுவந்த என் மகளுக்கு அப்போது மூன்று வயது. போனில் என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். ஆபீஸில் பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. லீவுக்கு டிக்கெட் எடுக்கச் சேர்த்திருந்ததைத் தவிர என்னிடம் வேறொன்றும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தேடி அந்த வேலையைப் பிடித்தேன். வாடிக்கையாளர் போல ஒரு கடைக்குப் போய், அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று ரகசியமாகப் பார்த்து எழுதித் தரவேண்டும். எனக்குக் கிடைத்த முதல் வேலை, எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று பணம் அனுப்புவது. வெள்ளிக்கிழமை தோறும் சும்மாவே செய்வதற்குச் சம்பளமா என்று உன்னிடம் பெருமையடித்தேன். கூரியரில் அந்தப் பதினோரு கேள்வித் தாளும் ஒரு செக்கும் வந்தன, ஏதோ வெளிநாட்டு பேங்க் செக். அதைக் கணக்கில் போட்டு, என் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, மீதியை அவர்கள் சொல்லும் பெயருக்கு அனுப்பவேண்டும். மூன்றாம் நாள் ஏடிஎம் சீட்டில் அந்தத் தொகையும் சேர்ந்து தெரிந்தது. ஆனால் அதை எடுக்க முடியவில்லை. கிளியர் ஆகிவிடும், இப்போதைக்கு உங்கள் பணத்திலிருந்து இன்றைக்கே அனுப்புங்கள் என்று வேலை கொடுத்தவன் போனில் அவசரப்படுத்தினான். நானும் டிக்கெட் காசை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நம்மைப் போல வேலைக்கு வந்தவர்கள் யாருக்குத்தான் வந்திருக்கும்? அப்போதெல்லாம் அமீரகத்தில் செக் பணமில்லாமல் திரும்பினால் எழுதினவனுக்கு ஜெயில்தான். வாடகைக்குச் செக் கொடுத்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களைத்தான் நாம் பார்த்திருந்தோம். பொய்ச் செக் எழுத இங்கே எவனுக்குத் தைரியம் வரும் என்று உன்னிடமே கேட்டேன்.

“ஜெயில் இஞ்ச. அவன் எங்க இருக்கிறான்?” என்றாய்.

நீயும் கூடவே வந்தாய். எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நமக்கு முன்னால் நான்கு பேர்தான். என் பத்தாக்கா, அந்த அடையாள அட்டை, இல்லாமல் பணம் அனுப்ப முடியாது என்று தெரிந்தே அதைக் கையிலிருந்து பிடுங்கி, உன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாய். சம்பளம் தருகிறவன் எதற்கு உம்மிடம் காசு கேட்கிறான், பேங்கில் கேட்டீரா என்று சத்தம் போட்டாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் நல்லது உனக்குப் பொறுக்கவில்லை என்று நானும் கத்தினேன். பொறாமைக்காரி என்றும் சொன்னேன். அதற்கு நீ கோபப்படவில்லை, குரல்தான் இறங்கியது.

“எனக்கு ஊருக்குப் போக வழியில்லை. உமக்கு இருக்கு. அதை ஏன் முகந்தெரியாதவனுக்குக் குடுக்கிறீர்?”

உன் ஊரில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நீ சொன்னதை ஏற்றுக்கொண்டு அல்ல, அழுகை வந்ததால்.

அதன்பிறகு ஒன்பது நாள் உன்னோடு பேசவில்லை. நீ போட்ட டீயைக்கூடத் தொடவில்லை. அவன் தினமும் போன் செய்தான். கடைசியில், பணத்தைத் திருடிவிட்டாய், விசா கொடுத்த உன் கஃபீலிடம் சொல்லி அதைக் கேன்சல் செய்யவைப்பேன் என்று மிரட்டினான். அனுமதியில்லாமல் வேறு வேலை பார்த்தது தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் உன் பக்கம் திரும்பினேன். நீ போனை வாங்கினாய். எந்த போலீஸ் ஸ்டேஷன் என்று சொல், நாங்கள் இருவரும் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறோம், நீயும் வா என்று உன் ஆபீஸ் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாய். அவன் வைத்துவிட்டான். பிறகு கூப்பிடவே இல்லை.

பத்தாம் நாள் செக் திரும்பி வந்தது. கணக்கில் தொகை தெரிவதால் செக் கிளியர் ஆகிவிட்டதென்று அர்த்தமில்லை என்று பேங்கில் சாவகாசமாகச் சொன்னார்கள். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தயங்கி நின்றபோது, நீ அந்தப் பதினோரு கேள்விகளையும் எடுத்துவைத்துக்கொண்டு பதில் எழுதிக்கொண்டிருந்தாய். ஊழியர் சிரித்தாரா? இல்லை, கூட வந்தவள் சண்டை பிடித்தாள். மீண்டும் இங்கே வருவீர்களா? அவளோடு என்றால் வருவேன். அதை அவனுடைய ஈமெயிலுக்கே அனுப்பியும் வைத்தாய். அடுத்த மாதம் நான் ஊரில் இருந்தேன். ஒரு வாரத்தில் என் மகள் என்னை அம்மா என்றாள்.

நீ ஓமானில் சோஹாருக்கு வேலை மாறிப் போனதும், அங்கேயே நெஞ்சுவலியில் இறந்துபோனதும், எனக்கு ஒரு போனில் வந்த செய்திதான். உன்னையும் ஊருக்குத்தான் கொண்டுபோயிருக்கவேண்டும், கொண்டுபோகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று படிவத்திலிருந்த பெயரைக் காட்டி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? செக் கிளியர் ஆனதா? கிளியர் ஆகும்வரை உங்கள் காசை அனுப்பாதீர்கள் என்றும் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள். தாள்களைப் பிடுங்கிக்கொண்டு, புகார்ப் புத்தகத்தில் அரைப்பக்கம் எழுதிவிட்டுப் போனாள். வேறு எக்ஸ்சேஞ்சில் அனுப்பினாளோ, பேங்குக்குப் போனாளோ, எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் திட்டிக்கொண்டிருக்கட்டும்.

மேனேஜர் கூப்பிட்டார். வரிசை நிற்கிறது, வாடிக்கையாளரிடம் தேவையில்லாத கேள்வி கேட்கிறாய், இது மூன்றாவது புகார், விளக்கம் எழுதிக் கொடு என்றார். அவர் மேஜையிலேயே நின்று எழுதினேன்.

“நாளைக்கும் கேட்பேன்.”

கீழே என் பெயரைப் போட்டேன். உன் பெயரையும் போட்டிருக்கவேண்டும்.